பாப்பா பார்த்துக்கொண்டே இருக்கிறாள்

விடியற்காலை நேரம். இன்னும் இருட்டு விலகவில்லை.

குமுளி மலைப்பாதையில் ஜீப்புகள் ஏறி வருகின்றன. கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் பகுதிகளில் இருந்து வருகின்றன. உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தேனி மாவட்டத்தில் இருந்து எல்லை தாண்டி இடுக்கி மாவட்டத்துக்கு வருகிறார்கள். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார்கள். மாலையில் மீண்டும் மலை இறங்கிவிடுவார்கள்.

குமுளியிலேயே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அப்படி ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம்.

அம்மா அடுப்பு மூட்டுகிறார். சோறு வடிக்கிறார். தூக்குச்சட்டியில் மதியச் சோற்றை எடுத்து வைக்கிறார். தலையில் துணியைச் சுற்றிக் கட்டுகிறார். வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

பாப்பாவுக்கு இரண்டு வயது. பாயில் படுத்திருக்கிறாள். கண் மட்டும் அம்மாவோடு நடக்கிறது.

அம்மா போன பிறகு அம்மாச்சிதான் பாப்பாவுக்குத் துணை. அம்மாச்சி முற்றம் கூட்டுகிறார். பாப்பா ஒரு பழைய துணியை எடுக்கிறாள். தன் தலையில் சுற்றிக்கொள்கிறாள். ஒரு கொட்டாங்கச்சியையும் எடுத்துக்கொள்கிறாள். முற்றத்தில் புளியங்கொட்டைகள் கிடக்கின்றன. குத்துக்காலிட்டு உட்காருகிறாள். ஒரு கொட்டையை எடுக்கிறாள். உற்றுப் பார்க்கிறாள். கொட்டாங்கச்சியில் போடுகிறாள். இன்னொன்றைத் தொட்டுப் பார்க்கிறாள். எடுக்காமல் விட்டுவிடுகிறாள்.

இது என்ன விளையாட்டு?

வீட்டுக்குப் பின்னால் நான்கு ஏலச் செடிகள் நிற்கின்றன. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடியில், தரையை ஒட்டி நீளும் சரத்தில் காய்க்கும். எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றுவதும் இல்லை. முற்றிய காயை மட்டும் எடுக்க வேண்டும். பிஞ்சை விட்டுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மா அதைத்தான் செய்தார். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இப்படிப் பறி" என்று அம்மா சொல்லவில்லை. பாப்பா கேட்கவும் இல்லை. ஆனாலும் அவள் கற்றுக்கொண்டாள். குனிவது, பார்ப்பது, எடுப்பது, விடுவது எல்லாமே அந்த விளையாட்டில் இருக்கின்றன.

குழந்தைகள் இப்படித்தான் உலகத்தைத் தெரிந்துகொள்கிறார்கள். தங்களை வளர்ப்பவர்களைப் பார்த்துப் பார்த்துக் கற்கிறார்கள்.

கொடைக்கானலில் தங்கிய அம்மையார்

இதைப் பற்றி ஆராய்ந்த ஒருவர் நம் மலைப் பக்கமே வந்து தங்கியிருக்கிறார். அவர் பெயர் மரியா மாண்டிசோரி. இத்தாலி நாட்டைச் சேர்ந்த மருத்துவர். 1870-ஆம் ஆண்டு பிறந்தவர். ரோம் நகரத்தின் ஏழைக் குழந்தைகளுக்காக 1907-இல் ஒரு பள்ளி தொடங்கினார்.

1939-இல் அவர் சென்னைக்கு வந்தார். அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. உடனே ஊர் திரும்ப முடியவில்லை. அந்தக் காலத்தில் சுமார் இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கினார். அங்கும் குழந்தைகளோடு வேலை செய்தார்.

சிறு குழந்தையின் மனம் பஞ்சு போன்றது என்பது அவர் கருத்து. பஞ்சு தண்ணீரை உறிஞ்சுகிறது. குழந்தையின் மனம் தன்னைச் சுற்றி நடப்பதை உறிஞ்சுகிறது. பஞ்சு நல்ல தண்ணீர், அழுக்குத் தண்ணீர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. குழந்தையும் அப்படித்தான்.

அதனால்தான் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முகமே முதல் பாடம்

பிறந்த குழந்தைக்குத் தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாது. ஏறக்குறைய ஒரு அடி தூரம் வரைதான் ஓரளவு தெரியும். தாய் மடியில் வைத்துப் பால் கொடுக்கும்போது தாயின் முகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? ஏறக்குறைய அதே தூரம்தான். எனவே குழந்தை முதலில் பார்க்கும் உலகம் தாயின் முகம்தான்.

சில மாதங்கள் போகின்றன. நாம் சிரித்தால் குழந்தையும் சிரிக்கிறது. ஒரு வயதை நெருங்கும்போது இன்னொரு திறமை வருகிறது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பினால் குழந்தையும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறது. அம்மா எதைப் பார்க்கிறார் என்று தேடுகிறது. பிறகு தானே விரலை நீட்டிக் காட்டுகிறது. "அதைப் பார்" என்று பேசாமலே சொல்கிறது.

இதன் பிறகு குழந்தை நம் முகத்தைப் பார்த்து முடிவெடுக்கப் பழகுகிறது.

மழைக்காலத்தில் குமுளிப் பக்கம் அட்டைகள் அதிகம். பாப்பாவின் காலில் ஓர் அட்டை ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பாப்பா அட்டையைப் பார்க்கிறாள். உடனே அம்மாச்சியின் முகத்தைப் பார்க்கிறாள். அம்மாச்சி அலறினால் பாப்பாவும் அலறுவாள். அம்மாச்சி பதறாமல் கொஞ்சம் உப்பை எடுத்து அட்டையின் மேல் வைக்கிறார். அட்டை விழுந்துவிடுகிறது. "அவ்வளவுதான், போச்சு" என்கிறார். பாப்பா மீண்டும் விளையாடப் போய்விடுகிறாள்.

அட்டை எப்படிப்பட்டது என்பதை பாப்பா அம்மாச்சியின் முகத்தில்தான் படித்தாள்.

கண்ணாடி மேசைச் சோதனை

இது உண்மைதானா என்று அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 1985-இல் வெளிவந்தது. சோதனைக்கு வந்தவர்கள் ஒரு வயதுக் குழந்தைகள்.

ஒரு நீளமான மேசை. அதன் மேல் உறுதியான கண்ணாடி போட்டிருந்தது. பாதி தூரம் கண்ணாடிக்கு அடியில் பலகை இருந்தது. மீதிப் பாதியில் பலகை ஓர் அடி கீழே இருந்தது. மேலே இருந்து பார்த்தால் பள்ளம் போலத் தெரியும். ஆனால் கண்ணாடி இருப்பதால் விழ முடியாது.

குழந்தை ஒரு முனையில் இருந்தது. தாய் மறு முனையில் நின்றார். குழந்தை தவழ்ந்து வந்தது. பள்ளம் தெரிந்ததும் நின்றது. தாயின் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. தாய் எதுவும் பேசக் கூடாது. முகத்தால் மட்டும் காட்ட வேண்டும்.

தாயார் மகிழ்ச்சியான முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 குழந்தைகள் பள்ளத்தைக் கடந்து போனார்கள்.

தாயார் பயந்த முகம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒரு குழந்தைகூடக் கடக்கவில்லை.

மேசையும் கண்ணாடியும் மாறவில்லை. தாயின் முகம் மட்டும்தான் மாறியது. ஒரு வயதுக் குழந்தைக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஆகவே பயப்பட வேண்டியதற்கு நம் முகம் பயத்தைக் காட்டலாம். பாம்பு, கொதிக்கும் உலை, வண்டி ஓடும் சாலை ஆகியவை அப்படிப்பட்டவை. குழந்தை அதைப் புரிந்துகொள்ளும். ஆனால் பல்லிக்கும் பூனைக்கும் அயலூர்க்காரருக்கும் அதே முகத்தைக் காட்டினால், குழந்தை எல்லாவற்றுக்கும் அஞ்சும்.

குழந்தை கண்ணை மூடிக்கொண்டு நகல் எடுப்பதில்லை

குழந்தை செய்வது வெறும் குரங்குச் சேட்டைதானா? நாம் செய்வதை அப்படியே திருப்பிச் செய்கிறதா? இல்லை. குழந்தை யோசிக்கவும் செய்கிறது.

ஹங்கேரி நாட்டைச் சேர்ந்த கெர்கெய் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். அது 2002-இல் வெளிவந்தது. அதில் வந்த குழந்தைகளுக்குப் பதினான்கு மாத வயது.

மேசை மேல் ஒரு விளக்குப் பெட்டி இருந்தது. அழுத்தினால் எரியும். ஒரு பெண் குனிந்து, நெற்றியால் அதை அழுத்திக் காட்டினார். சில குழந்தைகள் பார்க்கும்போது அவர் கைகள் மேசை மேல் சும்மா இருந்தன. வேறு சில குழந்தைகள் பார்க்கும்போது அவர் குளிருக்குப் போர்வை போர்த்தியிருந்தார். இரண்டு கைகளாலும் அதைப் பிடித்திருந்தார்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெட்டியைக் குழந்தைகளிடம் கொடுத்தார்கள்.

கை சும்மா இருந்ததைப் பார்த்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் நெற்றியால் அழுத்தினார்கள். கையில் போர்வை இருந்ததைப் பார்த்தவர்களில் பத்துக்கு இரண்டு பேர்தான் அப்படிச் செய்தார்கள். மற்றவர்கள் கையை மட்டுமே பயன்படுத்தினார்கள்.

காரணம் புரிகிறதா? அந்தப் பெண்ணுக்குக் கை ஓயவில்லை, அதனால் நெற்றியால் அழுத்தினார். தன் கை சும்மாதான் இருக்கிறது. குழந்தைகள் இப்படிக் கணக்குப் போட்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கை சும்மா இருந்தும் நெற்றியால் அழுத்தினால் அதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும். ஆகவே தானும் அப்படியே செய்து பார்க்கலாம்.

பேசத் தெரியாத குழந்தைதானே என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அது நாம் செய்வதை மட்டும் பார்ப்பதில்லை. ஏன் செய்கிறோம் என்பதையும் பார்க்கிறது.

இரண்டு மொழி ஊர்

குமுளி எல்லை ஊர். கடைப் பலகைகளில் தமிழும் இருக்கும், மலையாளமும் இருக்கும். பேச்சிலும் அப்படித்தான்.

அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணை "அக்கா" என்று கூப்பிடுகிறார். கடைக்காரப் பெண்ணை "சேச்சி" என்று கூப்பிடுகிறார். பேருந்து நடத்துநரை "சேட்டா" என்கிறார். பாப்பா இடுப்பில் உட்கார்ந்து கேட்கிறாள். மூன்று வயதில் அவளும் ஆளைப் பார்த்துப் பேசுகிறாள். யாரிடம் எந்த மொழி என்று யாரும் அவளுக்குப் பாடம் நடத்தவில்லை.

மொழியைக் கற்பதற்கும் மனிதர் வேண்டும். அமெரிக்காவில் பட்ரிசியா குல் என்பவர் இதை ஆராய்ந்தார். அவர் குழுவின் ஆய்வு 2003-இல் வெளிவந்தது. ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக் குழந்தைகளோடு சீன மொழி பேசும் ஒருவர் நேரில் உட்கார்ந்து விளையாடினார். கதை படித்தார். இப்படிப் பன்னிரண்டு முறை நடந்தது. இன்னொரு பிரிவுக் குழந்தைகளுக்கு அதே ஆட்களைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பேசியதும் அதே பேச்சுதான்.

நேரில் பழகிய குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்து அறிந்தார்கள். தொலைக்காட்சி பார்த்த குழந்தைகள் அந்த ஒலிகளைக் கற்கவே இல்லை.

இன்று பல வீடுகளில் குழந்தை அழுதால் கையில் செல்போனைக் கொடுக்கிறார்கள். சோறு ஊட்டவும் செல்போன்தான். அழுகை நிற்கிறது, உண்மைதான். ஆனால் செல்போன் குழந்தையின் முகத்தைப் பார்ப்பதில்லை. குழந்தை காட்டும் பக்கம் திரும்புவதில்லை. குழந்தை கேட்டதற்குப் பதில் சொல்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஓர் அறிவுரை வெளியிட்டது. இரண்டு வயதுக்குள் திரை எதுவும் வேண்டாம் என்றது. இரண்டு வயது முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைவாக இருந்தால் நல்லது என்றது.

அடியும் ஒரு பாடம்தான்

நல்லதை மட்டும்தான் குழந்தை கற்கும் என்றால் கவலை இல்லை. ஆனால் குழந்தை எல்லாவற்றையும் கற்கிறது.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞர் 1961-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு அது. 72 குழந்தைகள் கலந்துகொண்டார்கள். மூன்று முதல் ஆறு வயதுக்குள் இருந்தவர்கள்.

காற்று அடைத்த பெரிய பொம்மை ஒன்று இருந்தது. நம் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை போல, தள்ளினால் மீண்டும் நிமிர்ந்து நிற்கும். ஒரு பிரிவுக் குழந்தைகள் முன்னால் பெரியவர் ஒருவர் அந்தப் பொம்மையை அடித்தார். உதைத்தார். மரச் சுத்தியலால் தலையில் தட்டினார். கோபமாகப் பேசினார். இன்னொரு பிரிவு முன்னால் பெரியவர் அமைதியாக வேறு விளையாட்டுச் சாமான்களோடு இருந்தார். மூன்றாவது பிரிவுக்கு எதையும் காட்டவில்லை.

பிறகு குழந்தைகளைத் தனியாக விளையாட விட்டார்கள். அடியைப் பார்த்த குழந்தைகளில் பலர் பொம்மையை அடித்தார்கள். அதே சுத்தியலை எடுத்தார்கள். அதே மாதிரி ஏறி உட்கார்ந்து குத்தினார்கள். அதே சொற்களைச் சொன்னார்கள். மற்ற இரண்டு பிரிவிலும் இப்படி நடந்தது மிகவும் குறைவு.

"அடி" என்று யாரும் அந்தக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒருமுறை பார்த்தார்கள். அவ்வளவுதான்.

நம் வீட்டை நினைத்துப் பார்ப்போம். குடித்துவிட்டு வந்து அப்பா அம்மாவை அடிக்கிறார். குழந்தை தூங்குகிறது என்று நினைக்கிறோம். அது போர்வைக்குள் இருந்து பார்க்கிறது. "தம்பியை அடிக்காதே" என்று சொல்லிக்கொண்டே பெரியவளின் முதுகில் ஓர் அடி போடுகிறோம். அவளுக்கு எது மனத்தில் பதியும்? வாய் சொன்னதா? கை செய்ததா?

இதற்கு மாறான வாழ்க்கையும் நம் மலைகளிலேயே இருக்கிறது. குமுளியில் பளியர் குடியிருப்பு ஒன்று உண்டு. தேனி, திண்டுக்கல் பக்கத்து மலைகளிலும் பளியர் வாழ்கிறார்கள். பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர் 1960-களில் தமிழ்நாட்டுப் பக்கத்துப் பளியர்களோடு தங்கி அவர்கள் வாழ்க்கையை எழுதினார். யாரையும் அடிக்கக் கூடாது, யாரையும் தாழ்த்தக் கூடாது என்பதை அவர்கள் பெரிதாக மதித்தார்கள். சச்சரவு வந்தால் ஒருவர் விலகிப் போய்விடுவார். பெரியவர்கள் கோபத்தை அடக்கிக்கொண்டு விலகுவதைப் பார்த்தே அங்கே குழந்தைகள் வளர்ந்தார்கள்.

அடித்தால்தான் பிள்ளை உருப்படும் என்று சொல்கிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

உயிருக்கே ஆபத்தாகலாம்

பார்த்துச் செய்வதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. இதை ஏலத்தோட்டப் பகுதியில் உள்ளவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

ஏலச் செடியை இலைப்பேனும் தண்டு துளைக்கும் புழுவும் தாக்கும். அதனால் தோட்டங்களில் அடிக்கடி பூச்சிமருந்து தெளிக்கிறார்கள். மீந்த மருந்தைச் சிலர் பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். கதவுக்குப் பின்னால் வைக்கிறார்கள்.

அதே மாதிரி பாட்டிலில் அப்பா தண்ணீர் குடிப்பதைக் குழந்தை பார்த்திருக்கிறது. உள்ளே இருப்பது என்ன என்று அதற்குத் தெரியாது. பாட்டிலை எப்படித் திறப்பது, எப்படி வாயில் வைப்பது என்று மட்டும் தெரியும்.

பூச்சிமருந்தைக் குளிர்பான பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றவே கூடாது. அது வந்த பாத்திரத்திலேயே இருக்கட்டும். வீட்டுக்கு வெளியே, குழந்தைக்கு எட்டாத இடத்தில், பூட்டி வைக்க வேண்டும். தெளித்துவிட்டு வந்த உடையோடு குழந்தையைத் தூக்கக் கூடாது. ஒருவேளை குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். மருந்து இருந்த டப்பாவையும் மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள்.

மாத்திரையும் அப்படித்தான். அம்மாச்சி இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்குவதைப் பாப்பா தினமும் பார்க்கிறாள். புகையிலையும் அப்படித்தான். அம்மாச்சியின் வெற்றிலைப் பையை ஒருநாள் பாப்பா திறப்பாள். ஆகவே இவற்றைக் குழந்தையின் கண்ணில் படாமல் வைப்பது நல்லது.

அம்மா வேலைக்குப் போனால்?

இங்கே ஒரு கேள்வி வரும். "விடிந்தால் வேலைக்குப் போகிறோம். இருட்டிய பிறகு வருகிறோம். குழந்தை எங்களை எப்போது பார்க்கும்?"

நியாயமான கேள்வி. கூலி வேலை செய்யும் தாய் இதற்காகக் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. குழந்தை தாயை மட்டும் பார்த்துக் கற்பதில்லை. அப்பா, அம்மாச்சி, அப்பத்தா, தாத்தா, அக்கா, அண்ணன், பக்கத்து வீட்டார், ஆயா என எல்லோரும் அதற்கு ஆசிரியர்கள்தான். அன்பாகப் பார்த்துக்கொள்ளும் சிலர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். அதுதான் முக்கியம்.

இது வீட்டாரின் பொறுப்பு மட்டும் அல்ல. 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் இதை ஏற்றுக்கொண்டது. 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. பெரிய தேயிலைத் தோட்டங்களில் ஆயாக்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் ஏலத்தோட்டங்களில் பல சிறியவை. அங்கே 50 பெண்கள் இருப்பதில்லை. அதனால் காப்பகமும் இல்லை.

1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதன் வழியாக அங்கன்வாடிகள் வந்தன. அங்கே சத்துணவு கிடைக்கும். தடுப்பூசி பற்றிச் சொல்வார்கள். மூன்று வயது முதல் ஆறு வயது வரை உள்ள குழந்தைகள் கூடி விளையாடலாம். அங்கன்வாடி வெறும் சோறு போடும் இடம் அல்ல. குழந்தை பார்த்துக் கற்க இன்னும் சில நல்ல மனிதர்கள் கிடைக்கும் இடம்.

சில வீடுகளில் மூத்த பெண் குழந்தையின் படிப்பை நிறுத்திவிடுகிறார்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வைக்கிறார்கள். இதில் இரண்டு பேருக்கு நஷ்டம். அக்காவின் படிப்பு போகிறது. பெண் பிள்ளைக்குப் படிப்பு வேண்டியதில்லை என்பதைத் தம்பியும் பார்த்துக் கற்கிறான். ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி குழந்தையின் உரிமை. 2009-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைத் தந்திருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய செலவு எதுவும் இல்லை.

குழந்தையை வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். கீரை ஆய்கிறீர்களா? அதன் கையிலும் நான்கு தண்டைக் கொடுங்கள். பூண்டு உரிக்கிறீர்களா? ஒரு பல்லைக் கொடுங்கள். கொஞ்சம் சிந்தும், பரவாயில்லை. குவாத்தமாலா நாட்டின் மாயா மக்களிடம் பார்பரா ரோகாஃப் என்ற அறிஞர் நீண்ட காலம் ஆய்வு செய்தார். அங்கே குழந்தைகள் பெரியவர்களின் வேலைகளுக்கு நடுவிலேயே வளர்கிறார்கள். கூர்ந்து பார்க்கிறார்கள். முடிந்ததைச் செய்து உதவுகிறார்கள். நம் கிராமங்களிலும் இதுதானே பழக்கம்? இதை விட்டுவிட வேண்டாம். ஆனால் இதற்கும் குழந்தை உழைப்புக்கும் வேறுபாடு உண்டு. குழந்தை விரும்பிக் கொஞ்சம் செய்வது கற்றல். கூலிக்காகப் பள்ளியை விட்டுச் செய்வது சுரண்டல்.

செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். "அம்மா அரிசி களைகிறேன். தண்ணீர் வெள்ளையாக இருக்கிறது, பார்த்தாயா?" இப்படிப் பேசினால் குழந்தை செயலையும் கற்கும், சொல்லையும் கற்கும்.

குழந்தை விரல் நீட்டினால் அந்தப் பக்கம் திரும்பிப் பாருங்கள். பதில் சொல்லுங்கள். வேலை முடிந்து வந்த பிறகு அரை மணி நேரம் போதும். செல்போனைத் தள்ளி வைத்துவிட்டுக் குழந்தையோடு இருங்கள்.

அப்பாவும் வீட்டு வேலை செய்யட்டும். அப்பா தட்டுக் கழுவுவதைப் பார்த்த மகன் நாளை தன் வீட்டிலும் கழுவுவான்.

தவறு செய்துவிட்டால் ஒத்துக்கொள்ளுங்கள். "அப்பா கத்திவிட்டேன். அது தப்பு" என்று சொல்லலாம். இதனால் அப்பாவின் மதிப்புக் குறையாது. தவறு செய்தால் எப்படித் திருத்திக்கொள்வது என்று குழந்தை கற்கும்.

புத்தகம் பிடித்த கை

1991-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள், கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது. கோழிக்கோட்டில் கூட்டம் நடந்தது. அந்த அறிவிப்பைச் செய்தவர் சேலக்கோடன் ஆயிஷா. மலப்புரம் மாவட்டத்துப் பெண். எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்து, வயதான பிறகு எழுதப் படிக்கக் கற்றவர்.

அவரைப் போல எத்தனையோ தாய்மார்கள் பெரியவர்களான பிறகு படிக்கத் தொடங்கினார்கள். பகல் முழுவதும் வேலை செய்துவிட்டு, இரவு விளக்கடியில் எழுத்துக் கூட்டினார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் குழந்தைகள் இருந்தார்கள்.

மீண்டும் அந்தக் குமுளி வீட்டுக்குப் போவோம்.

இரவாகிவிட்டது. அம்மா வேலை முடிந்து வந்துவிட்டார். சாப்பாடும் முடிந்தது. அம்மா ஒரு சிறிய புத்தகத்தை எடுக்கிறார். எழுத்தின் மேல் விரல் வைத்து மெல்லப் படிக்கிறார். சில சொற்களில் தடுமாறுகிறார். மீண்டும் படிக்கிறார்.

பாப்பா எழுந்து வருகிறாள். மூலையில் கிடந்த பழைய நோட்டை எடுக்கிறாள். அம்மா பக்கத்தில் உட்காருகிறாள். நோட்டைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாள். விரலை வைத்து, என்னவோ முணுமுணுக்கிறாள்.

அம்மா அதைப் பார்த்துச் சிரிக்கிறார். நோட்டை நேராகத் திருப்பி வைக்கிறார்.

இந்தப் பக்கத்தை நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் பக்கத்திலும் ஒரு குழந்தை இருக்கலாம். அது உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கூடிப் பேசுவோம்

1. உங்கள் வீட்டுக் குழந்தை உங்களைப் பார்த்துச் செய்யும் ஒரு செயலைச் சொல்லுங்கள்.

2. கண்ணாடி மேசைச் சோதனையில் குழந்தைகள் ஏன் சிலமுறை கடந்தார்கள், சிலமுறை நின்றார்கள்?

3. உங்கள் வீட்டில் பூச்சிமருந்து, மாத்திரை, புகையிலை ஆகியவை எங்கே இருக்கின்றன? குழந்தைக்கு எட்டுமா?

4. உங்கள் ஊர் அங்கன்வாடி எத்தனை மணிக்குத் திறக்கிறது? வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு அந்த நேரம் ஏற்றதாக இருக்கிறதா? இல்லை என்றால் எல்லோரும் சேர்ந்து யாரிடம் பேசலாம்?